லிப்ட் விழாத படம்

1

இந்தக் கதை ஒரு தவறில் பிறந்தது. தவறு என்னுடையது. சண்டைப் படம் என்று நினைத்து ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். படத்தின் அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஏதோ எரிகிறது. ஒரு பல்கூடத் தெரியவில்லை. அந்த முகத்தை நம்பி ஏமாந்தேன்.

நான் துப்பறியும் நாவல் எழுதுபவன். இதுவரை நாற்பத்து மூன்று. எல்லாவற்றிலும் யாராவது எதிலிருந்தாவது விழுவார்கள். நாற்பத்து நான்காவதைக் கேட்டுப் பதிப்பாளர் நச்சரித்துக்கொண்டிருந்தார். கற்பனை வற்றும்போது அடுத்தவர் படங்களைப் பார்ப்பது என் வழக்கம். அதற்கு எங்கள் தொழிலில் 'தாக்கம்' என்று கௌரவமான ஒரு பெயர் உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெடித்துச் சிதறிய படகுக் கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் நடந்து—"

அடித்துவிட்டேன். அது படத்தின் தொடக்கம், என் கதையின் தொடக்கம் அல்ல.

"அக்கா இருபத்திரண்டு வருடமாக லிப்டில் ஏறியதில்லை."

உண்மைதான். ஆனால் ஏன் என்று உடனே கேட்பீர்கள். அதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"லிப்ட் மெக்கானிக்கோட பொண்டாட்டி லிப்டுல ஏறமாட்டேங்கறான்னா கேக்கறவன் சிரிக்கமாட்டானா?"

இது அத்தான் சொன்னது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து ஏற்கெனவே நிறையத் திருடிவிட்டேன். ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்கியாகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் கையால்தான் எழுதுவேன். என் கையெழுத்தை இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் படிக்க முடியும், அது அக்கா. நாற்பத்து மூன்று நாவல்களையும் தட்டச்சு செய்தது அவள்தான். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று பதிப்பாளர் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்ததில் என் கதாநாயகன் கயிற்றில் தொங்குவதற்குப் பதிலாக வயிற்றில் தொங்கினான். அதோடு அந்த முயற்சியைக் கைவிட்டோம்.

தட்டச்சு செய்யும்போது அக்கா சும்மா இருக்கமாட்டாள். அடைப்புக்குறி போட்டு நடுவில் நடுவில் பேசுவாள். வழக்கமாகப் பதிப்பாளர் அவற்றை நீக்கிவிடுவார். இந்த முறை நீக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

[தட்டச்சு செய்பவர்: ஒற்றைக் கையால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். காரணம் பிறகு. வயிறு விஷயம் முழுக்க உண்மை.]

2

அத்தானைப் பற்றி.

முப்பத்தொரு வருடமாக லிப்ட் பார்க்கிறார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், யாரைப் பார்க்க வந்தோமோ அவரிடம் பேசுவதற்கு முன்னால், லிப்ட் கதவில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். உள்ளே ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ம், பரவால்ல" என்பார். அல்லது முகம் சுளித்து, "எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சோ" என்பார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பார்.

சண்டைப் படம் பார்க்க அவரைப்போல மோசமான துணை கிடையாது. சண்டைப் படம் என்றால் அதில் லிப்ட் வரும், லிப்ட் வந்தால் அது விழும். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும், "அப்படி விழாது" என்பார். சத்தமாகச் சொல்லமாட்டார், பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற அளவுக்குத்தான். ஆனால் படம் அத்தோடு செத்துவிடும். அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. திரையில் லிப்ட் பொத்தானை யாராவது அழுத்தினால் உடனே அக்கா, "என்னங்க, டீ போடுங்க" என்பாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய்விடுவார். டீயோடு அவர் திரும்புவதற்குள் லிப்ட் விழுந்து முடிந்திருக்கும்.

(இந்த மனிதரை எழுத எழுத எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? ஒரு குறையாவது வேண்டாமா?)

[தட்டச்சு செய்பவர்: ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போடுவார். குறட்டை. நான் பேசும்போது ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். இன்னும் வேண்டுமென்றால் தனித்தாளில் தருகிறேன்.]

3

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாவலுக்காக அத்தானிடம் கேட்டேன்.

"அத்தான், லிப்ட் எப்படி விழும்?"

"விழாது."

"விழணும் அத்தான். கதைக்கு வேணும்."

"அதெப்படிடா விழும்? நாலு கயிறு இருக்கு. ஒவ்வொண்ணும் தனியாவே மொத்தப் பாரத்தையும் தாங்கும்."

"நாலையும் வெட்டிட்டா?"

"மேல கவர்னர்னு ஒரு சக்கரம் இருக்கு. வேகம் கூடிச்சுன்னா அது பூட்டிக்கும். உடனே லிப்டுக்குக் கீழ ரெண்டு தாடை இருக்குல்ல, அது தண்டவாளத்தைக் கவ்விக்கும். நின்னுடும்."

"அந்த கவர்னரும் கெட்டுப் போச்சுன்னா?"

"ஏண்டா கெட்டுப்போகுது? நான் எதுக்கு இருக்கேன்?"

அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். காகிதத்தில் படமும் போட்டுக் காட்டினார். நான் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒன்பதாவது மாடியிலிருந்து லிப்டை விழவைத்தேன். பதினோராவது அத்தியாயம். உள்ளே ஒரு பெண். அவள் விழும்போது என்னென்ன நினைத்தாள் என்று மூன்று பக்கம். இன்றுவரை வாசகர்கள் எனக்கு எழுதுவது அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான்.

அந்தப் பெண்ணுக்கு உயிர் கொடுக்கச் சில சின்ன விவரங்கள் தேவைப்பட்டன. கையில் பச்சைக் கோடு போட்ட துணிப்பை, ஒரு காது மட்டும் அறுந்து முடிச்சுப் போட்டது. மூக்குக்கண்ணாடி சரிந்தால் விரலால் தள்ளமாட்டாள், மணிக்கட்டால் தள்ளுவாள். வாய்க்குள் எப்போதும் பட்டியல் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

அவை எல்லாம் அக்காவுடையவை.

அக்கா அந்த அத்தியாயத்தை ஒரு பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தாள். அப்போது ஐந்தாவது மாடியில் ஒரு அலுவலகத்தில் வேலை. மறுநாள் படிக்கட்டில் ஏறிப் போனாள். அதற்கு மறுநாளும். உடம்புக்கு நல்லது என்றாள். நாங்களும் நம்பினோம். ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அத்தான் ஆறுதல் சொன்னார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. லிப்ட் மெக்கானிக் மட்டுமே அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

"பயப்படாதே. எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்குது. நீ ஒருத்தி ஏறினா உன் பக்கம் பாரம் கம்மி. அதனால பிரேக்கே போனாலும் லிப்ட் கீழ போகாது. மேலதான் போகும்."

"மேலயா? எதுவரைக்கும்?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "உச்சி வரைக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அக்கா லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் நிற்பதைக்கூட விட்டுவிட்டாள்.

என்னை அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. புத்தகம் வந்தபோது வாங்கிப் படித்தார். மூடி வைத்துவிட்டு, "நீ கவர்னரை எழுதல" என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்.

4

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்றால், பதினாலாவது மாடி.

அக்கா மகள் பதினாலாவது மாடியில் வீடு வாங்கினாள். அந்தக் கட்டடத்தின் லிப்டைப் பராமரிப்பது அத்தான். "அப்பா பார்க்கிற லிப்ட். அம்மா கண்டிப்பா ஏறுவாங்க" என்று சொல்லித்தான் வாங்கினாள். அம்மா ஏறவில்லை. மாதம் ஒருமுறை பதினான்கு மாடியும் படியேறிப் போவாள். நாலாவதில் ஒரு நிறுத்தம், ஏழாவதில் தண்ணீர், பத்தாவதில் ஜன்னலோரம் கொஞ்ச நேரம், பன்னிரண்டாவதில் யாரையோ திட்டுவாள். யாரை என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் முட்டி தேய்ந்துவிட்டது. ஒரு மாடிக்கு மேல் ஏறினால் தான் பொறுப்பில்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவதால் அதற்கு முதலாளி என்று பெயர். பிறந்தபோது மருத்துவமனையில் அக்கா பார்த்தாள். வீட்டுக்குப் போன பிறகு, வாரம் இரண்டு முறை அவர்கள் குழந்தையைக் கீழே கொண்டுவந்தார்கள். கட்டடத்தின் நுழைவுக்கூடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அக்கா அதில் உட்கார்ந்து லிப்டுக்கு மேலே எரியும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினாலு, பதிமூணு, பன்னிரண்டு. நான் ஒருநாள் பக்கத்தில் இருந்தேன். ஏழு வருவதற்குள் அவள் முந்தானை நுனி கசங்கிச் சுருண்டுவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே இவளை அதுக்குள்ள வெச்சுக் கொண்டுவராதீங்க."

குழந்தை கீழே வரக்கூடாது. அக்காவால் மேலே போக முடியாது. ஆக, முதலாளி போனில்தான் வளர்ந்துகொண்டிருந்தாள்.

[தட்டச்சு செய்பவர்: இங்கே பத்து நிமிடம் நிறுத்தினேன். முந்தானை பற்றி எழுதியிருக்க வேண்டாம்.]

5

படம்.

தமிழில் கீழே எழுத்து ஓடியது. முதல் பதினைந்து நிமிடம் நாங்கள் மூவரும் அதை ரொம்பக் கவலையோடு பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கழுத்தில் மப்ளர் சுற்றிய ஐம்பது வயது உளவு அதிகாரி ஒருவர் படகுக் கொட்டகையை வெடிவைத்துத் தகர்க்கிறார். பின்னால் நெருப்பு வானத்தைத் தொடுகிறது. திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிறார். இருபது அடி வந்ததும் சட்டைப்பையைத் தடவுகிறார். கோட்டுப்பையைத் தடவுகிறார். நிற்கிறார். மெதுவாகத் திரும்பி நெருப்பைப் பார்க்கிறார்.

"ஐயோ பாவம், கண்ணாடிய உள்ளயே விட்டுட்டான்" என்றாள் அக்கா. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அதற்கப்புறம் அவர் எல்லாக் கதவிலும் 'இழு' என்று எழுதியிருந்தால் தள்ளினார். வில்லனின் மிரட்டல் கடிதத்தைக் கை நீட்டி எட்ட வைத்துப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

"என்னடா படம் இது? எல்லாரும் ரொம்ப மரியாதையா இருக்காங்களே" என்றார் அத்தான்.

பிறகு அந்த மொட்டைமாடிக் காட்சி வந்தது. ஒரு அடியாள் இந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டான். மப்ளர்காரர் ஓடிவந்தார். விளிம்பில் நின்றார். கீழே பார்த்தார். எதிர்ப்பக்கம் பார்த்தார். பின்னால் பத்தடி போனார். ஓடிவரப் போகிறார் என்று நாற்காலி நுனிக்கு வந்தோம். அவர் அப்படியே திரும்பிப் படிக்கட்டில் இறங்கினார்.

எட்டு மாடியும் இறங்கினார். படம் ஒரு மாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. இசை கிடையாது, அவர் பூட்ஸ் சத்தம் மட்டும். சாலையில் பச்சை விளக்கு எரியும்வரை நின்றார். கடந்து போய் எதிர்க் கட்டடத்தில் ஏறத் தொடங்கினார். மேலே அடியாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அங்கே கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நாலாவது மாடியில் மப்ளர்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே எத்தனை இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். ஆறாவதில் இடுப்பில் கை வைத்து, யாரோ தன்னைப் பார்க்கிறார்களோ என்று சுற்றும்முற்றும் பார்த்து, சும்மா நிற்பதுபோல ஒரு அறிவிப்புப் பலகையைப் படித்தார்.

அக்கா சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிக்கொண்டு சிரித்தாள்.

"பலகையைப் படிக்கறான் பாரு! நானும் அதைத்தான்டா பண்ணுவேன்! ஏழாவது மாடியில எரிவாயு பத்தி ஒரு நோட்டீஸ் இருக்கு, எனக்கு மனப்பாடம்!"

உச்சிக்கு வந்த மப்ளர்காரரால் பேச முடியவில்லை. ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். அடியாள் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டான்.

அப்போதுதான் எங்களுக்கு இது என்ன படம் என்று புரிந்தது.

6

ஒரு சின்ன விலகல். பொறுத்துக்கொள்ளுங்கள், லிப்ட் வரப்போகிறது.

கேலி செய்வது சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். என் நாவல்களைக் கேலி செய்து ஒரு கல்லூரிப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அதை எழுதியவன் என் நாவலைப் படிக்கவே இல்லை என்று இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது. இந்தப் படத்தை எடுத்தவர்கள் அப்படி இல்லை. அடியாள் தாவிய அந்தத் தாவல் எந்த நிஜச் சண்டைப் படத்திலும் பாராட்டு வாங்கும். அதைச் சரியாக எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒருவரைப் படிக்கட்டில் இறக்கினார்கள். நாற்பத்து மூன்று நாவலிலும் என் கதாநாயகர்கள் மூச்சு வாங்கியதே இல்லை. அந்த நடிகர் ஆறாவது மாடியில் நின்ற நிற்பில் என் மொத்த உழைப்பும் பொய்யாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது.

7

வில்லன் மப்ளர்காரரை முப்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வரவழைத்தான். மப்ளர்காரர் லிப்ட் பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க, டீ போடுங்க" என்றாள் அக்கா.

அத்தான் எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

லிப்டுக்குள் இரண்டு மூதாட்டிகளும், பூந்தொட்டியை அணைத்துப் பிடித்த ஒரு ஆளும் இருந்தார்கள். மேலே இருட்டில், வில்லன் பெரிய கம்பிவெட்டியோடு நின்றான். ஒரு கயிற்றை வெட்டினான். சிரித்தான். இரண்டாவது. இன்னும் சத்தமாகச் சிரித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் படத்தை நிறுத்தக் கை நீட்டினேன். மூன்றாவது. நான்காவது.

லிப்ட் ஒரு சாண் இறங்கியது. திரையில் ஒரு சின்னச் சக்கரம் தெரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"கவர்னர்!"

சமையலறை வாசலில் அத்தான் டீத்தூள் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். பெரிய கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டவரைப்போலக் கத்தினார். "கவர்னரைக் காட்டிட்டாண்டா!"

அக்கா கண்ணைத் திறந்தாள்.

வில்லனின் சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடி, பிறகு தானாகத் தேய்ந்து நின்றது. லிப்டின் கூரைமேல் இறங்கி ஒருமுறை குதித்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு மூதாட்டி, "நின்னுடுச்சு போல" என்றார். மற்றவர், "மழை வரும்னு சொன்னாங்க" என்றார். மப்ளர்காரர், வரலாம் என்று ஒப்புக்கொண்டார்.

வில்லனின் கையாள் சுவரில் இருந்த தகட்டைப் படித்து, பழுதுபார்ப்பவர்களுக்குப் போன் செய்தான். நாற்பது நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். நல்லவர், கெட்டவர், பூந்தொட்டி எல்லாம். பிறகு பருமனான ஒரு பெண் கருவிப் பெட்டியோடு வந்தார், கண்ணாடி கயிற்றில் கழுத்தில் தொங்க. வந்ததும் முதல் வேலையாக 'பழுது' என்ற பலகையை வாசலில் வைத்தார்.

"பலகை வெச்சா! பாருடா, முதல்ல பலகை வெச்சா! இந்தம்மா எங்க ஆளு!"

அந்தப் பெண் மேலே அண்ணாந்து, அங்கே நிற்பது யார், அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். உலகத்தையே அழிக்கப் போவதாக ஒரு மணி நேரமாக மிரட்டிக்கொண்டிருந்த வில்லன் கம்பிவெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இல்லை என்றான். அப்படியானால் இந்தப் புத்தகத்தில் பெயர், விலாசம், நேரம் எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். போட்டான். எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதினான். அந்த விலாசத்துக்குப் போலீஸ் போனது. அப்படித்தான் அவன் பிடிபட்டான்.

அத்தான் அந்தக் காட்சியை நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னார். நான்காவது முறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ படம் பார்த்திருப்பேன். ஒருத்தனாவது கேட்டிருக்கானா? இவன் கேட்டிருக்கான்டா. எவனையோ எங்காளைப் பிடிச்சுக் கேட்டிருக்கான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் படத்தை எழுதியவரும் ஒரு மெக்கானிக்கிடம் போய், லிப்ட் எப்படி விழும் என்றுதான் கேட்டிருப்பார். விழாது என்று அவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். நான் அந்தப் பதிலை மடித்துப் பையில் வைத்தேன். அவர் அதையே காட்சியாக்கிவிட்டார்.

8

அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒரு சாண்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எந்தக் கணவனும் அந்த நேரத்தில் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான். அத்தான் யோசித்தார்.

"இல்ல. படத்துக்காகக் குறைச்சுக் காட்டிட்டான். நிஜத்துல வேகம் கூடினாத்தான் கவர்னர் பூட்டும். ஒரு முழம் இறங்கும்."

நான் அவர் காலை மிதித்தேன். அவருக்கு உறைக்கவில்லை.

"முழமா?"

"முழம்தான். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

அக்கா தன் முழங்கையைச் சோபாவின் கைப்பிடிமேல் வைத்தாள். நடுவிரல் நுனிவரை நீட்டினாள். அங்கே ஒரு அடையாளம் இருப்பதுபோல அந்த இடத்தையே பார்த்தாள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. போன் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கணும். நான் வருவேன். நான் வர்றவரைக்கும் போர் அடிக்கும்."

"போர் அடிக்குமா?"

"ரொம்ப."

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பையை ஏண்டா அவளுக்குக் குடுத்த?"

எந்தப் பை என்று நான் கேட்கவில்லை.

"எனக்கு வேற பை தெரியலக்கா."

"வேற எந்தப் பையாவது குடுத்திருந்தா நான் பாட்டுக்குத் தட்டிட்டுப் போயிருப்பேன். காது அறுந்து முடிச்சுப் போட்டதுன்னு எழுதினியே. அதைத் தட்டும்போது அந்தப் பை என் நாற்காலியிலதான்டா மாட்டியிருந்தது."

மன்னிப்புக் கேட்டேன். இருபத்திரண்டு வருடம் தாமதம். அவள், "சரி விடு, டீ ஆறிப்போச்சு" என்றாள். டீ போடவே இல்லை என்பதை நாங்கள் மூவரும் அப்போதுதான் கவனித்தோம்.

9

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை மூன்று.

முதல் முடிவு: அக்கா லிப்டில் ஏறுகிறாள். கதவு பதினாலில் திறக்கிறது. குழந்தையோடு மகள் நிற்க, கண்ணீர்—

இது வேண்டாம். இந்த மாதிரி முடிவைத்தான் அந்தப் படம் கேலி செய்தது.

இரண்டாவது: நாளுக்கு ஒரு மாடி. மருத்துவர் ஒரு மாடிதானே அனுமதித்தார்? ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டில் இரவு தங்கி, பதினாலாம் நாள் போய்ச் சேர்கிறாள். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எட்டாவது மாடிக்காரரோடு அக்காவுக்கு ஏற்கெனவே தகராறு.

மூன்றாவது: லிப்டில் ஏறுகிறாள், ஒன்பதாவது மாடியில் அது நின்றுவி—

இங்கே பேனாவை மூடிவிட்டேன். போன முறை ஒரு லிப்டுக்குள் அக்காவை ஏற்றியது நான்தான். அதுவும் ஒன்பதாவது மாடிதான். இனி எந்த முடிவுக்காகவும் அவளை நான் அதற்குள் ஏற்றமாட்டேன். நல்ல முடிவாக இருந்தாலும்கூட.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத மறுக்கிறேன்.

10

நேற்று அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, உங்க கையெழுத்தை அம்மாவைத் தவிர வேற யாரும் படிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்போ அந்தப் பேப்பரையெல்லாம் இங்க கொண்டாந்து வைங்க. அம்மாவோட மடிக்கணினியையும் அப்பா எடுத்துட்டு வந்துடட்டும்."

"இது கடத்தல்டி."

"ஆமா. கடத்தல்தான்." பின்னால் முதலாளி அழுவது கேட்டது. "அம்மா வந்து இவளைத் தூக்கணும் மாமா. வேற ஒண்ணும் வேண்டாம். நான் ஒரு மணி நேரம் தூங்கணும்."

எனவே இதை எழுதி முடித்ததும் பதினாலாவது மாடிக்குப் போகிறேன். சாப்பாட்டு மேசையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில் இந்தப் பக்கங்களை வைத்துவிட்டு வந்துவிடுவேன். விதிமுறைகள் பேசி முடித்தாகிவிட்டது. அத்தான் இவற்றைக் கீழே கொண்டுவரக் கூடாது. யாரும் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது. அக்கா தட்டச்சு செய்யாவிட்டால் இது வெளிவராது என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "கொள்ளைக்காரப் பயலே" என்று போனை வைத்துவிட்டாள்.

இதை எழுதும் இந்த நிமிடத்தில் அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் இவை அந்த மேசையிலேயே கிடக்கும். முதலாளி வளர்ந்து இவற்றில் கிறுக்குவாள். அதுவும் ஒரு முடிவுதான், அவளைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் இது அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது என்றால், யாரோ இதைத் தட்டச்சு செய்திருக்கிறார். அப்படியானால் முடிவு எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

[தட்டச்சு செய்பவர்: எப்படி வந்தேன் என்பதைத் தட்டமாட்டேன். தட்டினால் இவன் அதற்கு மூன்று பக்கம் எழுதுவான். நாற்பது எழுத்துப்பிழையாவது திருத்தியிருப்பேன். மகள் தூங்குகிறாள். முதலாளியை என் முழங்கையால் அளந்து பார்த்தேன், ஒரு முழமும் நாலு விரலும் இருக்கிறாள். இடது கையில்தான் இருக்கிறாள், அதனால்தான் ஒற்றைக் கை. பச்சைக் கோடு போட்ட பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.]